நாகாத்தம்மன் மேட்டுப் பிடிமண்

தினகரன் எனக்கு அண்ணன் முறை. பெரியப்பா மகன். அவர் என்று சொல்லத்தான் எங்கள் வீட்டில் பழக்கியிருக்கிறார்கள். எனக்கு இப்போது அந்த வார்த்தை வாயில் வருவதில்லை. அவன் என்றே எழுதுகிறேன். படிப்பவர்களுக்குப் பொறுக்கவில்லை என்றால் அவர்களே மரியாதையைச் சேர்த்துக்கொள்ளட்டும்.

போன மாசி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, அவனும் நானும் மட்டும் கல்மேட்டுப்பாக்கத்துப் பாறைக்காட்டில் சேர்ந்து நடக்க வேண்டியதாகிவிட்டது. திருமுடிவாக்கம் தொழிற்பேட்டையைத் தாண்டி மேற்கே போனால் வரும் ஊர் அது. எங்கள் பூர்வீகம். ரோட்டோரம் ஹார்டுவேர் கடை, பிரியாணிக் கடை, அதன் பின்னால் வீடுகள். வீடுகளுக்குப் பின்னால் மலை என்றும் சொல்ல முடியாமல், தரை என்றும் சொல்ல முடியாமல் ஒரு பாறை நிலம் மேடும் பள்ளமுமாகக் கிடக்கும். ஒரு காலத்தில் அங்கே திரும்பின பக்கமெல்லாம் கல்குவாரி. எல்லாவற்றையும் மூடிப் பல வருடமாகிறது. வெட்டின குழிகளில் மழைத்தண்ணீர் பச்சையாக நிற்கிறது. மிச்சமெல்லாம் சூரைமுள்ளும் சீமைக்கருவேலமும்தான்.

அந்தக் காட்டின் நடுவில் எங்கள் குலதெய்வம் இருக்கிறாள், நாகாத்தம்மன். சிலை கிடையாது, கோபுரம் கிடையாது. ஒரு புற்று, பக்கத்தில் ஒரு வேப்பமரம். அவ்வளவுதான்.

புற்றைச் சுற்றியிருந்த நிலம் தினகரனுடைய பாகம். குவாரி மூடினதும் அவன் அதைப் பழைய பேட்டரி உடைத்து ஈயம் உருக்கும் பட்டறைக்கு வாடகைக்கு விட்டான். சில வருடம் ராப்பகலாகப் புகைந்தது. பிறகு யாரோ பெரிய அதிகாரி வரப்போகிறார் என்று கேள்விப்பட்டு, பட்டறைக்காரன் சொல்லாமல் கொள்ளாமல் ஓடிவிட்டான். செங்கல் புகைபோக்கியையும், உருக்கின கசடை மலை மாதிரிக் கொட்டின கருப்பு மேட்டையும் எங்கள் ஆத்தாளுக்குத் துணையாக விட்டுவிட்டுப் போனான்.

இதில் எனக்கென்ன வந்தது என்று கேட்கலாம். நான் சிட்லபாக்கத்தில் வாழ்க்கைப்பட்டவள், அந்த நிலத்தில் எனக்கு ஒரு பிடி கூடக் கிடையாது. ஆனால் என் அத்தை பொன்னியம்மாள் இருக்கிறாளே. அப்பாவுடன் பிறந்தவள், புருஷன் போன பிறகு பிறந்த ஊருக்கே வந்து ஆடு வளர்த்துப் பிழைப்பவள். மகன், மருமகள், இப்போதுதான் தவழ ஆரம்பித்திருக்கும் ஒரு பேத்தி. அவளுக்கு ரோட்டோரம் ஒரு துண்டு நிலம் உண்டு, தாத்தா கொடுத்தது. அதன் மேல் தினகரனுக்குக் கண். 'அத்தே, உன் துண்ட எனக்குக் குடு, ஆத்தா புத்தாண்ட கீற மொத்த எடத்தையும் நீ எடுத்துக்கோ. வூடு கட்டிக்கோ. ஆடு மேயறதுக்கு எடம், ஆத்தா காலடியில குடித்தனம், இன்னா கசக்குதா?' என்று கேட்டிருக்கிறான். அத்தை பூரித்துப்போய்ச் சரி என்றுவிட்டாள். அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு அடுத்து வந்த புதன்கிழமை பத்திரப் பதிவு.

நான் ஒரு பெயிண்ட் கம்பெனியில் தரம் பார்க்கும் பிரிவில் வேலை செய்கிறேன். பெயிண்டில் ஈயம் இருக்கிறதா என்று பார்ப்பது என் வேலையில் பாதி. புற்றோரத்து மண்ணை ஒரு பாட்டிலில் எடுத்துப் போய்ப் பார்த்தேன். பெயிண்டில் இருக்கலாம் என்கிற அளவைப் போலப் பல மடங்கு ஈயம். தவழுகிற குழந்தை கையை மண்ணில் வைக்கும், கையை வாயில் வைக்கும். அந்த ஈயம் உள்ளே போனால் மூளை வளராது, படிப்பு வராது, போனது போனதுதான். இதை அத்தையிடம் சொன்னேன், கெஞ்சினேன், முடிவில் சண்டையே போட்டேன்.

"ஆத்தா மண்ணுல வெஷம் கீதுன்னு சொல்ற வாயி அழுவிப் பூடும்டி" என்றாள் அத்தை.

தினகரன் பக்கத்திலேயே நின்று சிரித்தான். "அவ கம்பெனில மிஷினு கீது அத்தே. இன்னா வேணா அடிச்சுக் குடுக்கும். அவளுக்கு நம்மளக் கண்டா எப்பவும் வயித்தெரிச்சல். அந்த மண்ணுல நான் பொறண்டு வளந்தவன், எனக்கு இன்னா கொறஞ்சு பூட்ச்சு?"

என்ன குறைந்துபோயிற்று என்று ஒரு பட்டியலே போட்டிருப்பேன். அத்தை என்னைப் பேச விடவில்லை.

இந்த நிலையில்தான் பிடிமண் பேச்சு வந்தது. ரோட்டோரம் அத்தையின் துண்டில் நாகாத்தம்மனுக்குச் சின்னதாகக் கோயில் கட்டி, சுற்றிலும் கடை எடுத்து வாடகைக்கு விடுவது தினகரனின் திட்டம். புது இடத்தில் குலதெய்வத்தை வைக்க வேண்டுமானால் பழைய இடத்திலிருந்து பிடிமண் எடுத்து வந்தாக வேண்டும். எங்கள் குடும்பத்தில் அதற்கு ஒரு முறை இருக்கிறது. குடும்பத்தில் பிறந்த பெண்தான் மண் எடுக்க வேண்டும். செருப்பில்லாமல் நடந்து போய்ப் புற்றிலிருந்து இரண்டு கையாலும் அள்ளி, மஞ்சள் துணியில் முடிந்து, மடியில் கட்டிக்கொண்டு நடந்தே திரும்ப வேண்டும். மண்ணை மடியில் கட்டினது முதல் வாய் திறக்கக் கூடாது. திறந்தால் ஆத்தா பாதி வழியிலேயே இறங்கிவிடுவாளாம். குடும்பத்தில் பிள்ளைத்தாச்சி இருந்தால் முதல் சிட்டிகை அவள் நாக்கில். அந்தச் சிட்டிகை நாக்கில் பட்ட பிறகுதான் மண் சுமந்தவள் பேசலாம். அதன் பிறகு மற்றவர்களுக்கு ஆளுக்கொரு சிட்டிகை, மீதிதான் புது இடத்தில் வெட்டின குழிக்கு.

நியாயப்படி அத்தைதான் எடுக்க வேண்டும். அத்தனை வருடமாகப் புற்றுக்கு விளக்கு வைத்தவள் அவள். தாலி இல்லாதவள் எடுக்கக் கூடாது என்றுவிட்டார்கள். சொன்னதும் தினகரன்தான். அத்தை அதற்கும் தலையாட்டினாள். அப்போதே எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தினகரனின் மகள் சுபத்ரா ஏழு மாதப் பிள்ளைத்தாச்சி. மிச்சமிருந்தது நான். என்னைப் பிடிக்காமல், வேறு வழியும் இல்லாமல், போனில் கூப்பிட்டான்.

முடியாது என்று சொல்லத்தான் நினைத்தேன். புற்றுக்குப் போகும் வழி முழுக்க அவன் தனியாக என்னிடம் மாட்டுவானே என்று தோன்றியது. அதற்காகவே ஒப்புக்கொண்டேன்.

மண் எடுப்பவளின் பின்னாலேயே ஓர் ஆண் வேப்பிலைக் கொத்தோடு நடக்க வேண்டும். வெறுங்கால் எனக்கு மட்டும்தான். அவன் ஷூ போட்டுக்கொண்டு வந்தான். மடித்துக் கட்டின வேட்டிக்குக் கீழே விளையாட்டு ஷூ, சட்டைப் பையில் போன், கையில் வேப்பிலை.

"முள்ளு பாத்து வா" என்றான்.

"உன்னைப் பாத்து வந்தா போதும்ணா" என்றேன்.

முதலில் பழைய கிரஷர் வந்தது. கல் நொறுக்குகிற மிஷினை எப்போதோ எடைக்குப் போட்டுவிட்டார்கள். அது நின்ற கான்கிரீட் தூண்கள் மட்டும் காட்டுக்குள் நிற்கின்றன. தூண்களுக்கிடையே மாவு மாதிரிக் கல்தூசு. அதைத் தாண்டினால் பெரிய குவாரிக் குழி. பாறையை நேராக வெட்டின சுவர், அதில் வெடி வைக்கத் துளைத்த பள்ளங்கள் வரிசையாக மேலிருந்து கீழ்வரை இறங்கும். என் கூடப் படித்த இரண்டு பேர் அந்தத் தண்ணீரில் மூழ்கிப் போனார்கள். 'குளிக்காதீர்கள்' என்ற போர்டு துருப்பிடித்துக் குப்புறக் கிடந்தது. வெயில் ஏறுமுன்னே பாறை சுட ஆரம்பித்துவிட்டது.

"அண்ணா, அந்த இடத்தை அத்தைக்குக் கொடுக்காதே" என்றேன். சண்டைக்குத்தான் வந்தேன் என்றாலும் ஆரம்பத்தைத் தணிவாகவே வைத்தேன்.

"ஆரம்பிச்சிட்டியா?"

"சின்னக் குழந்தை இருக்குண்ணா அங்க."

"சின்னக் கொயந்தைங்க எங்கதான் இல்ல? தோ பாரு வினிதா, ஆடு மேய்க்கறவளுக்கு ஏக்கராக் கணக்கா எடம் குடுக்கறேன். ஊரே என்ன வள்ளல்னுது. நீ ஒருத்திதான் பேஜார் பண்ணிக்கினு கீற."

"அத்தையோட ஆடு எத்தனை செத்துச்சுன்னு தெரியுமா உனக்கு?"

"ஆடுன்னா சாவத்தான் செய்யும்."

"வாயில நுரை தள்ளி, வட்டம் சுத்திச் சுத்தி விழுந்து சாகுமா?"

"பிளாஸ்டிக் கவரத் தின்னுட்டிருக்கும். நட."

நடந்தேன். முள் குத்தினது. குனிந்து பிடுங்கவில்லை, அவன் எதிரில் குனியக் கூடாது என்று வீம்பு. வழியெல்லாம் திட்டினேன். அவன் அப்பாவை இழுத்தேன், அவன் மாடம்பாக்கத்தில் கட்டியிருக்கும் மாடி வீட்டை இழுத்தேன், அவன் அரசியல் நண்பர்களை இழுத்தேன். அவன் ஒவ்வொன்றுக்கும் பின்னாலிருந்து ஒரே பதில்தான் சொன்னான். "சொல்லு, சொல்லு. புத்தாண்ட போனா வாய மூடித்தான ஆவணும்."

அந்தத் தைரியம் அவனுக்கு இருந்தது. எனக்கு எரிச்சலில் கண் கலங்கியது.

புகைபோக்கி முதலில் தெரிந்தது, அதன் பிறகு கருப்பு மேடு. பேட்டரிப் பெட்டிகளின் உடைந்த ஓடுகள் காலடியெல்லாம் சிதறிக் கிடந்தன. பார்த்துப் பார்த்துக் கால் வைத்தேன். தரை சாம்பல் நிறம். எருக்கஞ்செடி கூட அங்கங்கேதான் இருந்தது. வேப்பமரம் பட்டுப்போய் நின்றது. அதில் யாரோ பிள்ளை வரம் கேட்டுக் கட்டின தொட்டில் துணிகள் மட்டும் இன்னும் தொங்கின. அதற்குக் கீழே புற்று, மஞ்சளும் குங்குமமுமாகப் பளிச்சென்று. அத்தை முதல் நாளே வந்து பெருக்கி, சாணம் தெளித்து, கோலம் போட்டிருக்கிறாள். அந்த விஷ மண்ணைக் கையால் அள்ளிப் பெருக்கியிருக்கிறாள்.

கற்பூரம் ஏற்றினோம். எனக்குப் பெரிதாகப் பக்தி எல்லாம் கிடையாது. ஆனாலும் ஆத்தாளைப் பார்க்கப் பாவமாக இருந்தது. எங்களுக்காவது ஓட ஊர் இருந்தது. அவள் அத்தனை புகையையும் குடித்துக்கொண்டு இங்கேயே உட்கார்ந்திருக்கிறாள். 'கொஞ்சம் பொறுத்துக்கோ ஆத்தா, இன்னிக்கு இவனை நான் ஒரு வழி பண்றேன்' என்று சொல்லி, இரண்டு கையாலும் மண்ணை அள்ளினேன். மஞ்சள் துணியில் முடிந்து மடியில் கட்டினேன். வாயை மூடினேன்.

திரும்பும்போது அவன் முன்னால் வந்துவிட்டான். வேப்பிலையைத் தோளில் போட்டுக்கொண்டு, ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டு நடந்தான்.

கருப்பு மேட்டருகே ஒரு கூட்டம் எதிர்ப்பட்டது. தாம்பரம் பக்கத்திலிருந்து வந்த பிள்ளைகள், காலேஜ் வயது. முதுகில் பை, கழுத்தில் கேமரா. இப்போதெல்லாம் ஞாயிற்றுக்கிழமையானால் இப்படி யாராவது ட்ரெக்கிங் என்று வருகிறார்கள்.

"சார், இங்க என்ன ஃபேக்டரி இருந்துச்சு?" என்று ஒரு பெண் கேட்டாள். கசடு மேட்டிலிருந்து பளபளவென்று ஒரு கருப்புக் கட்டியைக் கையில் எடுத்து வைத்திருந்தாள். "கிளாஸ் மாதிரி இருக்கு. ஷோகேஸ்ல வைக்கலாம்."

"பழைய செங்கல் சூளைம்மா" என்றான் தினகரன், வெட்கமே இல்லாமல். "எட்த்துக்கோ, எட்த்துக்கோ."

அது ஈயக் கசடு என்று சொல்ல வேண்டும். பேச முடியாது. நேராகப் போய் அந்தப் பெண்ணின் கையில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினேன். கட்டி கீழே விழுந்தது. அவள் பயந்துபோய் என்னைப் பார்த்தாள். நான் அவள் கையைப் பிடித்து, அவள் பையில் செருகியிருந்த தண்ணீர் பாட்டிலை எடுத்து, விரல் விரலாகக் கழுவிவிட்டேன். பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"சாமி வந்துகீது, ஒண்ணும் நெனைச்சுக்காதீங்க" என்றான் அவன். பிள்ளைகள் எனக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு நடையைக் கட்டினார்கள்.

கொஞ்ச தூரத்தில், வெடி மருந்து வைக்கக் கட்டின பழைய அறை இருக்கிறது. கூரை போய்விட்டது, தடித்த சுவர் மட்டும் நிற்கிறது. அதன் நிழலில் தினகரன் நின்றான். பின்னால் யாராவது வருகிறார்களா என்று பார்த்தான். வேட்டியைத் தளர்த்தி இடுப்பிலிருந்து ஒரு முடிச்சை எடுத்தான். மஞ்சள் துணி, என் மடியில் இருப்பது மாதிரியே முடிந்தது.

"வினிம்மா" என்றான். அவன் என்னை அப்படிக் கூப்பிட்டு இருபது வருடமாவது இருக்கும். "இது எங்க வூட்டுத் தோட்டத்து மண்ணு. செம்பருத்தி நட்டு வெச்சிருக்காளே உன் அண்ணி, அந்த எடத்துது. இத மாத்திக்கோ."

நான் அவனையே பார்த்தேன்.

"இன்னாத்துக்குன்னு கேக்கறியா? நீ கேக்கவே வாணாம், உனக்கே தெர்யும். சுபத்ரா வயித்துல கீது பாரு. மொத சிட்டிக அவ நாக்குலதான் வெக்கணும்."

சுவரில் சாய்ந்துகொண்டான். என் வாய் பூட்டியிருக்கிற தைரியத்தில் பேச ஆரம்பித்தான்.

"நீ சொன்னது அத்தினியும் நெசந்தான். எனக்குத் தெரியாதா? பட்டற ஓடிக்கினு இருந்தப்போ தெனம் வந்து நின்னவன் நானு. உருக்கறவன் ரெண்டு பேருக்குக் கை மணிக்கட்டோட தொங்கிப் பூட்ச்சு, சோத்த எட்த்து வாயில வெக்க முடியாது. பட்டறக்காரன் துட்டக் குட்த்து ஊருக்கு அனுப்பிட்டான். அந்த எடத்த எவனும் வாங்க மாட்டான் வினிதா. புரோக்கர் வந்து பாத்துட்டே ஓடிட்டான். நான் இன்னா பண்றது, சொல்லு? தலையில கட்டறதுக்கு ஆளு வேணும். அத்த பாவந்தான். ஆனா அதுக்கு அந்த மண்ணு மேல ஆச. ஆசப்பட்டுத்தான வாங்குது."

ஆசைப்பட்டுத்தானே வாங்குகிறாள். இந்த ஒரு வார்த்தையை நான் சாகும்வரை மறக்க மாட்டேன்.

வாய் திறந்து கத்தியிருக்கலாம். கத்தி என்ன பயன்? மண் கெட்டது, வினிதாதான் கெடுத்தாள் என்பார்கள். அவன் இன்னொரு ஞாயிற்றுக்கிழமை வேறு யாரையாவது கூட்டிவந்து எடுத்துவிடுவான். அவன் என்னிடம் சொன்னதை நான் போய்ச் சொன்னால் அத்தை நம்புவாளா? என் வாய் ஏற்கெனவே அழுகின வாய். இதெல்லாம் அவனுக்கு நன்றாகத் தெரியும். அதனால்தான் அத்தனையையும் கொட்டினான்.

"நான் அந்தாண்ட திரும்பிக்கறேன். சட்டுனு மாத்திக்கினு வா" என்றான். தங்கை மடியை அவிழ்க்கும்போது பார்க்கக் கூடாதாம், அந்த ஒழுக்கம் மட்டும் இருந்தது. முதுகைக் காட்டிக்கொண்டு சுவருக்கு அந்தப் பக்கம் போய் நின்றான்.

நான் சுவரோரம் உட்கார்ந்து மடியை அவிழ்த்தேன். மாற்றினேனா, மாற்றவில்லையா என்பதை அதற்குரிய இடத்தில் சொல்கிறேன். எழுந்து மடியைக் கட்டிக்கொண்டு, இன்னொரு முடிச்சைப் புடவைக் கொசுவத்துக்குள் செருகிக்கொண்டு வந்தேன்.

"மாத்திட்டியா?"

நான் தலையாட்டவில்லை. அவனைத் தாண்டிக்கொண்டு நடந்தேன். அவன் இரண்டு தடவை கேட்டான். பிறகு அவனே சமாதானமாகிவிட்டான். "மாத்தாம பின்ன? சின்னப் புள்ளயிலேர்ந்து சுபத்ராவ இடுப்புல தூக்கிக்கினு திரிஞ்சவதான நீ" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு வந்தான். அது உண்மைதான். அவளைத் தூக்கி வளர்த்தவள் நான்.

ரோட்டோரம் அத்தையின் துண்டு நிலத்தில் பந்தல் போட்டிருந்தார்கள். சொந்தபந்தம் எல்லாம் வந்திருந்தது. பம்பைக்காரர்கள் என்னைப் பார்த்ததும் அடிக்க ஆரம்பித்தார்கள். காலில் மஞ்சள் தண்ணீர் ஊற்றினார்கள். கல்குத்தின புண்ணெல்லாம் எரிந்தது. பந்தலின் நடுவில் குழி வெட்டி, ஓரத்தில் சுபத்ராவை மணையில் உட்கார வைத்திருந்தார்கள். பட்டுப்புடவை, கை நிறையக் கண்ணாடி வளையல், வியர்த்துப்போன முகம். என்னைப் பார்த்துச் சிரித்தாள். அவளுக்கு ஒன்றுமே தெரியாது. பக்கத்திலேயே அத்தை, இடுப்பில் பேத்தியோடு நின்றாள். குழந்தை அத்தையின் புடவைத் தலைப்பை வாயில் போட்டுச் சப்பிக்கொண்டிருந்தது.

நான் குழியருகே போய் நின்று, கொசுவத்திலிருந்து அந்த முடிச்சை எடுத்தேன். தினகரனின் கையைப் பிடித்து அதில் வைத்தேன். மஞ்சள் துணி, நிறைய மண்ணோடு, அவன் முடிந்து கொடுத்த மாதிரியே இருந்தது.

அவன் குனிந்து பார்த்தான். கனத்தைப் பார்த்தான். என் மடியைப் பார்த்தான். தான் கொடுத்த முடிச்சே திரும்பி வந்திருக்கிறது என்று முடிவு கட்டிவிட்டான். பம்பைச் சத்தத்தில் என் காதருகே வந்து, "மாத்தலியா? ஏய், மாத்தலியா?" என்றான். நான்தான் பேசக் கூடாதே. மடியை அவிழ்த்து மண்ணை விரலால் கிள்ளி எடுத்தேன்.

"நெத்தியில வெச்சா போதும்!" என்று கத்தினான் அவன். பம்பை நின்றது. "வாயில எல்லாம் வாணாம். புள்ளத்தாச்சிப் பொண்ணு, டாக்டரு திட்டுவாங்க. நெத்தியில வெச்சி உட்ருங்க."

"அதெப்புடி?" என்றார் ஒரு சித்தப்பா. "மொற இன்னாவோ அதான செய்யணும்? உன் அம்மா வாயில வெச்சாங்க, எல்லாரு வாயிலயும் வெச்சாங்க."

"இப்ப காலம் மாறிப் பூட்ச்சு சித்தப்பா."

அத்தைக்குக் கோபம் வந்துவிட்டது. "இன்னா தினா பேசற? ஆத்தா மண்ணு வயித்துப் புள்ளைக்கு எவ்ளோ நல்லது. சுபத்ராக்கண்ணு, நீ வாயத் தொற. அடுத்தது எம் பேத்திக்கு. வினிதா, வெய்யி."

சுபத்ரா கண்ணை மூடிக்கொண்டு நாக்கை நீட்டினாள்.

நான் அவசரப்படவில்லை. விரலை மெதுவாகக் கொண்டுபோனேன், தினகரன் நன்றாகப் பார்க்கட்டும் என்று. அந்த நேரத்தில் எனக்கு அவன் மேல் இரக்கம் துளிகூட இல்லை. அவன் பார்வை என் விரலை விட்டு நகராததைப் பார்த்தேன், சந்தோஷமாகவே இருந்தது. விரல் அவள் உதட்டருகே போனதும் பாய்ந்து வந்தான். என் கையில் அவன் தட்டின தட்டில் வளையல் இரண்டு உடைந்தது. மண் பந்தல் தரையில் சிதறினது.

"வாணாம்! அந்த மண்ணு வாணாம்! அதுல ஈயம் கீது, வெஷம்! துப்பும்மா, நாக்குல பட்ச்சா? துப்பு!" மகளின் வாயைத் தன் துண்டால் துடைத்தான். அவள் உதட்டில் ஒன்றுமே படவில்லை. ஆனாலும் துடைத்துக்கொண்டே இருந்தான்.

ரோட்டில் ஒரு லாரி போகிற சத்தம் கேட்டது.

"வெஷமா?" என்றாள் அத்தை. சத்தமாகக்கூடச் சொல்லவில்லை.

சிட்டிகை யார் நாக்கிலும் படவில்லை. முறைப்படி நான் இன்னும் பேசக் கூடாது. அதனால் மடியிலிருந்து இன்னொரு சிட்டிகை எடுத்து, எல்லோரும் பார்க்க, என் நாக்கிலேயே வைத்துக்கொண்டேன். மண் வாசனையோடு கொஞ்சம் உர வாசனையும் அடித்தது. விழுங்கினேன்.

"பயப்படாதேண்ணா. சுபத்ராவுக்கு நான் கெடுதல் பண்ணுவேனா?" என்றேன். புற்றடியிலிருந்தே பூட்டி வைத்திருந்ததால் குரல் கரகரத்தது. "இது உன் வீட்டுச் செம்பருத்திச் செடி மண்ணுதான். நீ சொன்ன மாதிரியே மாத்திட்டேன். புத்து மண்ணு அதுல இருக்கு, உன் கையில."

தினகரன் கையிலிருந்த முடிச்சைப் பார்த்தான். கீழே போடவும் முடியவில்லை அவனால், வைத்திருக்கவும் முடியவில்லை. சுபத்ரா எழுந்து அப்பாவை விட்டு இரண்டடி தள்ளி நின்றாள்.

அத்தை பேத்தியை மருமகளிடம் கொடுத்தாள். கொடுக்கும் முன் குழந்தையின் வாயிலிருந்த புடவைத் தலைப்பைப் பிடுங்கினாள். முதல் நாள் புற்றடியைப் பெருக்கின அதே புடவை. குழந்தை வீறிட்டு அழுதது. அத்தை தினகரனிடம் வந்து, அவன் கையிலேயே வைத்து அந்த முடிச்சை அவிழ்த்தாள். சாம்பல் நிறத்தில் கொஞ்சம் மண். அதில் அவள் தெளித்த மஞ்சள் கூட ஒட்டியிருந்தது.

"உம் பொண்ணு நாக்குல ஒரு சிட்டிக படக்கூடாது" என்றாள். "எம் பேத்திய இதுலதான தவழ உடச் சொன்ன, தினா?"

அத்தை திரும்பிப் போய்க் குழந்தையின் கையைத் தண்ணீர் ஊற்றிக் கழுவ ஆரம்பித்தாள். தினகரன் முடிச்சை நழுவ விட்டுவிட்டு, கையை வேட்டியில் துடைத்துக்கொண்டே நின்றான்.